விக்கம்ப் ஊரின் நாற்காலியும் கேரத் ஐன்ஸ்வொர்த்தும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்துக் கால்பந்து கிளப்புகள் பயிற்சியாளர்களை மாற்றும் வேகத்தைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் கேரத் ஐன்ஸ்வொர்த்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். தோள்வரை முடி வளர்த்தவர், ராக் இசைக்குழுவில் பாடுபவர், லண்டன் கிளப் ஒன்றுக்குப் போய் எட்டே மாதத்தில் வேலை இழந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். தகவலில் பிழை இல்லை. ஆனால் அந்த எட்டு மாதங்களுக்கு முன்னால் பத்தாண்டுக்கும் மேலாக ஒரே கிளப்பை அவர் நடத்தினார் என்பதும், அந்தப் பத்தாண்டு உண்மையில் இரண்டாம் ஆண்டிலேயே முடிந்துபோயிருக்க வேண்டியது என்பதும் கட்டுரையில் இல்லை. பயிற்சியாளர் நீக்கத்தைப் பற்றிய கட்டுரையில், நீக்கப்பட வேண்டிய நேரத்தில் நீக்கப்படாத ஒருவரின் கதையை விட்டுவிடுவது, மாப்பிள்ளை பெயரை விட்டுவிட்டுக் கல்யாணச் செய்தி போட்டதுபோல் இருக்கிறது.

நான் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இளமையில் பணிமனை மைதானத்தில் பந்து உதைத்தவன். மகன் குடும்பம் பக்கிங்ஹாம்ஷயரில் இருப்பதால் சில குளிர்காலங்களை அங்கே கழிக்க நேர்ந்தது. பிரீமியர் லீக் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லாததால், பக்கத்து ஊரான ஹை விக்கம்பில் விக்கம்ப் வாண்டரர்ஸ் ஆடும் ஆட்டங்களுக்கு மகன் என்னை அழைத்துப் போனான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் அவர் ஆடிய காலம். 1973-இல் பிளாக்பர்னில் பிறந்த ஐன்ஸ்வொர்த், வலது ஓரத்தில் ஓடுபவர். பிரஸ்டன், கேம்பிரிட்ஜ், லிங்கன் ஆகிய மூன்று இடங்களிலும் அவர் ஜான் பெக் என்பவரின் கீழ் ஆடினார். பந்தை நடுவில் வைத்துக்கொண்டிருக்காமல் நேரே மூலைக்கு அடி, அங்கிருந்து கோல் முகத்துக்கு அனுப்பு என்பதுதான் பெக்கின் முழுச் சித்தாந்தமும். அப்படி அடிக்கும் பந்து வெளியே ஓடிவிடாமல் நிற்க வேண்டும் என்பதற்காகக் கேம்பிரிட்ஜ் மைதானத்தின் மூலைகளில் புல்லை வெட்டாமல் உயரமாக வளரவிட்டவர் அவர். இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். ஆனால் பணமில்லாத கிளப், பணமுள்ள கிளப்பை எதிர்கொள்ளப் புல்லின் உயரம்வரை கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது என்ற பாடம் அந்த இளைஞனின் மனத்தில் ஊறிவிட்டது என்றே நினைக்கிறேன். 1996-97 சீசனில் லிங்கனுக்காக லீக்கில் 22 கோல்கள் அடித்தார். அடுத்த ஆண்டு போர்ட் வேல் 5 லட்சம் பவுண்டுக்கும், 1998-இல் பிரீமியர் லீக்கில் இருந்த விம்பிள்டன் 20 லட்சம் பவுண்டுக்கும் அவரை வாங்கின. மேல்தட்டில் அவர் ஆடியது சொற்பம், காயங்கள் விடவில்லை. 2003-இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸில் சேர்ந்து அங்கே ரசிகர்களின் செல்லப்பிள்ளை ஆனார். 2008-09 சீசனில் அங்கே பயிற்சியாளர்கள் அடுத்தடுத்து நீக்கப்பட்டபோது இரண்டு முறை தற்காலிகப் பொறுப்பையும் ஏற்றார். நாற்காலி எவ்வளவு ஆடும் என்பதை அவர் உட்காருவதற்கு முன்பே பார்த்துவிட்டார்.

நாற்காலி என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதினேன். ஹை விக்கம்ப் நாற்காலி செய்வதற்குப் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் உள்ள சில்டர்ன் குன்றுகளின் பீச் மரத்தைக் கடைந்து கால்களும் சட்டங்களும் செய்து, தலைமுறை தலைமுறையாக மர நாற்காலிகளை இங்கிலாந்து முழுவதற்கும் அனுப்பிய ஊர் அது. அதனால் அந்த அணியின் பட்டப்பெயரே ‘நாற்காலிப் பையன்கள்’. 1887-இல் தொடங்கிய அந்த அணி, நூறாண்டுக்கும் மேல் லீக்குக்கு வெளியே ஆடிவிட்டு, மார்ட்டின் ஓ’நீல் பயிற்சியில் 1993-இல்தான் தேசிய அளவிலான நான்கு அடுக்கு லீக்குக்குள் நுழைந்தது. 2012-இல் அதன் கையிருப்பு வற்றிப்போய், ரசிகர்களின் அறக்கட்டளையே கிளப்பை ஏற்று நடத்த வேண்டிய நிலை வந்தது. செலவைக் குறைப்பதற்காக இளையோர் பயிற்சிப் பிரிவை மூடிவிட்டார்கள். அந்தச் செப்டம்பரில் பயிற்சியாளர் கேரி வாடக் விலக்கப்பட்டபோது, ஆடிக்கொண்டிருந்த வீரர்களிலேயே மூத்தவர்களில் ஒருவராக, 39 வயதில் இருந்த ஐன்ஸ்வொர்த்திடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். நவம்பரில் அதை நிரந்தரமாக்கினார்கள். வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டிவரக் காசில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று அங்கே எங்கள் வரிசையில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

இங்கே தங்கள் கட்டுரையாளரின் சொல் ஒன்றைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ‘பயிற்சியாளர்’ என்று எழுதுகிறீர்கள். பெரிய கிளப்புகளுக்கு அது சரி. அங்கே வீரரை வாங்குபவர் வேறு, சம்பளம் பேசுபவர் வேறு, பயிற்சி கொடுப்பவர் வேறு. இங்கிலாந்தில் கீழ் லீக்கில் அவரை மேனேஜர் என்றுதான் அழைக்கிறார்கள், அது வெறும் பழக்கத்தால் அல்ல. யாரை எடுப்பது, மற்ற கிளப்பிலிருந்து யாரை இரவல் கேட்பது, ஒப்பந்தம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் எந்த வீரரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் குறைந்த சம்பளத்துக்கு இணங்க வைப்பது என்பதெல்லாம் அவர் தலையில்தான் விழுகிறது. 46 ஆட்டங்கள், சனிக்கிழமை ஒன்று, பெரும்பாலும் செவ்வாய் இரவு இன்னொன்று. பயிற்சிக்கு எஞ்சும் நேரமே குறைவு. ஆகவே இந்தக் கடிதத்தில் அவரை மேனேஜர் என்றே குறிப்பிடுகிறேன்.

இப்போது 2014 மே 3-ஆம் தேதிக்கு வருகிறேன். நான்காம் அடுக்கான லீக் டூவில் 24 அணிகள். கடைசி இரண்டு இடங்களில் முடிப்பவை லீக்கை விட்டே வெளியேற வேண்டும். லீக்கிலிருந்து வரும் ஒளிபரப்புப் பங்கில் பெரும்பகுதி அத்துடன் போய்விடும். கடைசி நாள் விடிந்தபோது விக்கம்ப் அந்த இரண்டு இடங்களில் ஒன்றில் இருந்தது. தனக்கு மேலே இருந்த பிரிஸ்டல் ரோவர்ஸைவிட 3 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. அதாவது விக்கம்ப் டார்க்கீயில் வென்றே ஆக வேண்டும். அதே நேரத்தில் மேலே இருந்த அணிகளில் ஒன்று தோற்க வேண்டும்; ரோவர்ஸ் தன் சொந்த ஊரில் மான்ஸ்ஃபீல்டு அணியுடன் ஆடியது. இரண்டும் நடந்தன. விக்கம்ப் 3-0 என்று வென்றது. ரோவர்ஸ் 0-1 என்று தோற்றது. இரண்டு அணிகளும் 50 புள்ளிகளில் நிற்க, கோல் வித்தியாசத்தில் விக்கம்ப் தப்பியது. 1920 முதல் லீக்கில் இருந்த ரோவர்ஸ் வெளியேறியது. எங்கள் வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் முதியவர் ஒருவர் அன்று டார்க்கீக்குப் போயிருந்தாராம். தங்கள் அணியின் மூன்றாவது கோலைவிட, காதில் ஒட்டிவைத்திருந்த வானொலியில் பிரிஸ்டலிலிருந்து வந்த ஒரே ஒரு கோல் செய்திக்குத்தான் தான் அதிகம் கத்தியதாகச் சொன்னார்.

தாங்கள் பட்டியலிட்ட கிளப்புகளில் எதுவாக இருந்தாலும் அந்த மே மாதமே புது மேனேஜரைத் தேடியிருக்கும். 24 அணிகளில் 22-ஆம் இடம், இரண்டாம் ஆண்டு, அனுபவமில்லாத ஆள். விக்கம்ப் தேடவில்லை. இதைப் பெருந்தன்மை என்று நான் சொல்ல மாட்டேன். நீக்கினால் இழப்பீடு கொடுக்க வேண்டும், புதியவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ரசிகர்களின் உண்டியலில் ஓடும் கிளப்புக்கு அந்த ஆடம்பரம் கட்டாது. வறுமையும் விசுவாசமும் சில சமயம் ஒரே மாதிரிதான் தோற்றமளிக்கும். எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான்: அவர் தொடர்ந்தார். வேடிக்கை என்னவென்றால், எதிர்ப்பக்கத்திலும் இதுவேதான் நடந்தது. ரோவர்ஸின் மேனேஜர் டேரல் கிளார்க்கும் மான்ஸ்ஃபீல்டு, ஹார்ட்டில்பூல் என்று கீழ் லீக்கில் ஆடி மேனேஜர் ஆனவர்தான். அந்தத் தோல்விக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பொறுப்பேற்றிருந்தார். அவரையும் விலக்கவில்லை. 2015-இல் அவர் ரோவர்ஸை மறுபடி லீக்குக்குள் கொண்டுவந்தார். 2016-இல் இன்னொரு படி ஏற்றினார். ஒரே பிற்பகலில் தூக்கிலிடப்பட்டிருக்க வேண்டிய இரண்டு பேரும் பிழைத்து, இரண்டு கிளப்புகளும் உயர்ந்தன. கட்டுரையாளர் தேடிய எடுத்துக்காட்டு அங்கேதான் இருந்தது.

அடுத்த சீசனில் விக்கம்ப் 84 புள்ளிகள் எடுத்து நான்காவதாக வந்தது. நேரடி உயர்வு தரும் மூன்றாம் இடத்தில் 85 புள்ளிகளுடன் பரி என்ற அணி முடித்தது. ஒரே ஒரு புள்ளி. எஞ்சிய ஓர் உயர்வு இடத்துக்காக அடுத்த நான்கு அணிகள் மோதும் பிளே-ஆஃப் சுற்றின் இறுதிப்போட்டிக்காக லண்டனின் வெம்ப்ளி மைதானத்துக்குப் போனார்கள். கூடுதல் நேரத்தில் முன்னிலை பெற்று, கடைசி விசிலுக்குச் சற்று முன் சவுத்எண்ட் சமன் செய்ய, பெனால்டி ஷூட்அவுட்டில் தோற்றார்கள். பரியின் கதையைப் பின்னால் பார்ப்போம்.

அந்த ஆண்டுகளில் அணியை அவர் எப்படி ஒட்டுப்போட்டார் என்பதற்கு இரண்டு செய்திகள் போதும். 2015 ஆகஸ்டில் பிளைமவுத்தில் நடந்த ஆட்டத்தில் கோல்கீப்பர் காயமடைந்தார். மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தவர் 46 வயதான கோல்கீப்பிங் பயிற்சியாளர் பாரி ரிச்சர்ட்சன். அவரே கையுறை மாட்டிக்கொண்டு இறங்கினார். விக்கம்ப் 1-0 என்று வென்றது. இன்னொன்று அக்கின்ஃபென்வா என்ற முன்கள வீரர். கால்பந்து வீரர் என்பதைவிட மல்லர் என்று சொல்லத்தக்க உடம்பு அவருக்கு. 2016-இல் ஏ.எஃப்.சி. விம்பிள்டனுக்காக வெம்ப்ளியில் கோலும் அடித்துக் கிளப்பை உயர்த்திவிட்டு, தனக்கு இப்போது வேலை இல்லை, யாராவது மேனேஜர் வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள் என்று மைதானத்தில் நின்றபடியே தொலைக்காட்சியில் கேட்டார். அப்போது அவருக்கு வயது 34. ஐன்ஸ்வொர்த் கூப்பிட்டார். அடுத்த ஆறு ஆண்டுகள் விக்கம்பின் ஆட்டமுறையே, நீளமாக வரும் பந்தை அந்த மனிதர் நெஞ்சில் தாங்கி நிறுத்த, மற்றவர்கள் சுற்றி ஓடுவது என்றாகிவிட்டது. ஜான் பெக்கின் மாணவர் வேறு எப்படிச் செய்வார்! 2017 ஜனவரியில், எல்லா அடுக்கு அணிகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையில், அந்த சீசனில் பிரீமியர் லீக்கில் இரண்டாவதாக வந்த டாட்டன்ஹாமை அதன் சொந்த மைதானத்தில் 2-0 என்று முந்தி, 89-ஆம் நிமிடம்வரை 3-2 என்று முன்னிலையில் நின்று, கூடுதலாகச் சேர்த்த நேரத்தில் 4-3 என்று தோற்றதும் அந்த முறையில்தான்.

நான் பார்த்த ஆட்டங்கள் இவ்வளவு பெரியவை அல்ல. ஆடம்ஸ் பார்க் மைதானம் ஊர்க் கோடியில், தொழிற்பேட்டை ஒன்று முடியும் இடத்தில், மரம் அடர்ந்த குன்றின் காலடியில் இருக்கிறது. போவதற்கு ஒரு சாலை, திரும்புவதற்கும் அதுவே. பகல் ஆட்டமென்றால் மேலே பருந்துகள் வட்டமிடும். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்க்கும் படிக்கட்டில் எங்கள் இடம். ஒரு செவ்வாய் இரவு, கையுறைக்குள் விரல் மரத்துப்போன குளிரில், விக்கம்ப் ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது பக்கக் கோட்டிலிருந்து பந்தை எறிய வேண்டிய வீரர், திருவிழாத் தேர் நகர்வதுபோல நடந்து போய், துண்டை வாங்கிப் பந்தை ஒரு சுற்றுத் துடைத்து, பிறகு எதிர்ப்புறத்திலும் துடைத்து, அதன்பின் கோல் முகம்வரை நீளும் ஒரு வீச்சு வீசினார். எதிரணி ரசிகர்கள் வசைபாடினார்கள். தோல் ஜாக்கெட்டும் பூட்ஸுமாகக் கோட்டோரம் நின்ற ஐன்ஸ்வொர்த் தன் கைக்கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவுதான் நேரம் ஓடும் என்று மனக்கணக்கிலேயே வைத்திருந்தார் போலும். இந்த ஆட்டம் அழகானதா என்று கேட்டால், இல்லை. எனக்கே சில நேரம் சலிப்புத் தட்டியது. ஆனால் இறுதி விசிலுக்குப் பின் அந்த ஒற்றைச் சாலையில் முக்கால் மணி நேரம் கார் நகராமல் நின்றபோது ஒருவர்கூட அலுத்துக்கொள்ளவில்லை.

2018-இல் லீக் டூவில் மூன்றாவதாக வந்து மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னுக்கு உயர்ந்தார்கள். 2019 கோடையில் ஒப்பந்தத்தில் இருந்த வீரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. லீக் ஒன்னில் இந்த அணி நிச்சயம் கீழே போகும் என்று ஆரூடம் சொன்னார்கள். மாறாக முன்வரிசையில் நின்றது. கொரோனாவால் சீசன் பாதியில் நின்றபோது விக்கம்ப் எட்டாவது இடம். ஆடிய ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற சராசரியில் கணக்கிட்டபோது மூன்றாம் இடத்துக்கு உயர்ந்து பிளே-ஆஃபுக்குள் வந்தது. இதில் அதிர்ஷ்டம் இருக்கிறது, மறைப்பானேன். அதே சீசனின் தொடக்கத்தில், 2019 ஆகஸ்டில், நிதி நிலையை நிரூபிக்க முடியாமல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்ட கிளப் எது தெரியுமா? 2015-இல் ஒரு புள்ளியில் விக்கம்பை முந்திய அதே பரிதான். வரவுக்கு மீறிச் செலவு செய்தவன் முன்னே போனான், நான்கு ஆண்டுகளில் கடையையே மூடினான். 2020 ஜூலை 13-இல் ஆளில்லாத வெம்ப்ளியில் ஆக்ஸ்ஃபோர்டை 2-1 என்று வென்று, 133 ஆண்டு வரலாற்றில் முதன்முறையாக விக்கம்ப் இரண்டாம் அடுக்குக்குப் போனது. பார்க்க ஆசைப்பட்ட ரசிகர்கள் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தார்கள் என்பது மட்டும் இன்றுவரை அவர்களுக்கு ஆறாத வருத்தம்.

அந்த உயரத்தில் அவர்கள் முதல் ஏழு லீக் ஆட்டங்களையும் தோற்றார்கள். அப்போதும் மேனேஜரை மாற்றவில்லை; அதற்குள் கிளப்பின் பெரும்பங்கு ராப் கூஹிக் என்ற அமெரிக்க வழக்கறிஞரிடம் போயிருந்தது, காசில்லை என்ற காரணம் முன்போல் பொருந்தாது. சீசனின் கடைசி நாளில் மிடில்ஸ்பரோவில் 3-0 என்று வென்றும் 43 புள்ளிகளுடன் கீழே இறங்கினார்கள். டெர்பி கவுண்டி அணி 44 புள்ளிகளுடன் தப்பியது. மறுபடி ஒரு புள்ளி. அடுத்த சீசனில் டெர்பிக்கு மொத்தம் 21 புள்ளிகள் பறிக்கப்பட்டன. அதில் 9 புள்ளிகள் முந்தைய ஆண்டுகளின் கணக்கு விதிமீறலுக்காக. அந்தத் தண்டனை ஓராண்டு முன்னால் வந்திருந்தால் விக்கம்ப் கீழே இறங்கியிருக்காது. இரண்டு முறை ஒரு புள்ளியில் பின்தங்கியதும், இரண்டு முறையும் முந்தியவர்களின் கணக்குப் புத்தகம் பின்னால் சந்திக்கு வந்ததும் ஒருவர் வாழ்வில் நடந்திருக்க, ‘எட்டு மாதத்தில் வேலை இழந்தவர்’ என்று அவரைக் குறிப்பது எனக்கு ஒப்பவில்லை.

அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. 2022-இல் மீண்டும் வெம்ப்ளி போய் சண்டர்லேண்டிடம் 0-2 என்று தோற்றபின், 2023 பிப்ரவரியில் தன் பழைய கிளப்பான குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அழைத்ததும் போனார். அந்த சீசனின் சாம்பியனான பர்ன்லியை அதன் ஊரிலேயே வென்று அணியை இரண்டாம் அடுக்கில் தக்கவைத்தார். ஆனால் அடுத்த அக்டோபருக்குள் தொடர் தோல்விகள், நீக்கம். விக்கம்பில் உயிர்காத்த ஆட்டமுறை அங்கே எடுபடவில்லை என்பது உண்மை. 2024 நவம்பரில் ஷ்ரூஸ்பரிக்குப் போனவர், அணி லீக் ஒன்னின் கடைசி இடத்தில் கிடக்கும்போதே, நான்கே மாதத்தில் ஜில்லிங்ஹாமுக்கு மாறிவிட்டார். தனக்கு ஒருகாலத்தில் காட்டப்பட்ட பொறுமையை அவர் ஷ்ரூஸ்பரிக்குக் காட்டவில்லை என்று அந்த ஊர் ரசிகர்கள் கோபப்பட்டால், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பேன்.

அவர் விட்டுச்சென்ற நாற்காலியில் உட்கார்ந்தவர் மேட் புளூம்ஃபீல்டு. அந்த கிளப்புக்காகவே 500-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர். டார்க்கீயில் தப்பிய காலத்திலும், வெம்ப்ளியில் வென்ற காலத்திலும் அந்த அணியில் இருந்தவர். 2024 இறுதியில் அவர் விக்கம்பை லீக் ஒன்னின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். 2014 மே மாதத்தில் ஐன்ஸ்வொர்த்தை நீக்கியிருந்தால் இந்த வரிசையில் எதுவும் இருந்திருக்குமா என்பதை வாசகர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. அடுத்த முறை இத்தகைய கட்டுரை வரும்போது, நீக்கப்பட்டவர்களின் பட்டியலுக்குப் பக்கத்தில், நீக்கப்படாமல் இருந்தவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். டேரல் கிளார்க்கின் பெயரும் அதில் வரட்டும். இரண்டாவது, ஞாயிறு இதழில் பிரீமியர் லீக் புள்ளிப்பட்டியலுக்குக் கீழே வெற்றிடமாக விடும் இரண்டு அங்குலத்தில், லீக் ஒன், லீக் டூ முடிவுகளையும் பொடி எழுத்திலாவது அச்சிடுங்கள். என் கண்ணாடி நல்ல கண்ணாடிதான், படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பொன்மலை, திருச்சிராப்பள்ளி.